கிருமி இல்லாத நீர்க்கடுப்பு: பெண்களுக்கு வரும் நாட்பட்ட சிறுநீர்ப்பை அழற்சியைப் புரிந்துகொண்டு கையாளும் முறை

என் அக்காவின் மருத்துவக் கோப்பில் சிறுநீர்க் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அறிக்கைகள் பதினொன்று இருக்கின்றன. அவற்றுள் ஒன்பதில் ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்ற ஒரே வரிதான் முடிவாக அச்சாகியிருக்கிறது. ஆயினும் அந்த ஒன்பது முறையும் அவருக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தரப்பட்டது. பெரும்பாலும் அறிக்கை கைக்கு வருவதற்கு முன்பே மாத்திரை முடிந்திருக்கும். கடுப்பு சில நாள் தணியும், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மீண்டும் தலைதூக்கும், மறுபடியும் அதே ஓட்டம். தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை என்று வீட்டிலும், மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்வதால்தான் என்று வெளியிலும் சொல்லக் கேட்டு, ஒரு கட்டத்தில் அவர் வலியைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். நான்காம் ஆண்டில் ஒரு யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதை மருத்துவர், அந்தக் கோப்பை முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் புரட்டிப் பார்த்து, “இந்த ஒன்பது தாள்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன, இது கிருமித் தொற்று இல்லை” என்றார்.

இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ், சுருக்கமாக ஐ.சி., என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நோய் அது. தமிழில் இடைத்திசுச் சிறுநீர்ப்பை அழற்சி எனலாம். எல்லா நோயாளிகளிடமும் கண்ணுக்குத் தெரியும் அழற்சி இருப்பதில்லை என்பதால், சிறுநீர்ப்பை வலி நோய் என்ற பெயரும் இப்போது சேர்த்தே வழங்கப்படுகிறது. நான் மருத்துவர் அல்லேன். அக்காவுடன் மருத்துவமனை வரிசைகளில் உட்கார்ந்தும், மருத்துவ வழிகாட்டு நெறிகளைப் படித்தும், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டும் சேர்த்தவற்றை, இதே நிலையில் இருக்கும் பெண்களுக்கும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இந்நோய் புதிதன்று. 1887-இலேயே அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அலெக்சாண்டர் ஸ்கீன் இதற்கு இன்றுள்ள பெயரைச் சூட்டினார். 1915-இல் பால்டிமோர் நகரின் கை ஹன்னர், சில பெண்களின் சிறுநீர்ப்பைச் சுவரில் சிவந்து புண் போலக் காணப்படும் திட்டுகளை விவரித்தார். அவை இன்றும் ஹன்னர் புண்கள் என்றே அழைக்கப்படுகின்றன. ஆனால் நோயாளிகளுள் சிறு பகுதியினருக்கே அந்தப் புண் இருக்கிறது என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. புண் இல்லை என்றால் நோயும் இல்லை என்று கருதி, எத்தனையோ பெண்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதற்கு இந்தத் தெளிவின்மையும் ஒரு காரணம்.

சிறுநீர்ப்பையின் உட்புறத்தில், சிறுநீரில் உள்ள எரிச்சலூட்டும் பொருள்களும் உப்புகளும் சுவருக்குள் இறங்காமல் காக்கும் வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் பயன்படுத்திய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம்: ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் பாத்திரமும் கெடும், குழம்பும் கெடும். அதுபோல இந்தப் படலம் நைந்துபோன இடங்களில், சிறுநீரிலுள்ள பொட்டாசியம் போன்றவை சுவருக்குள் கசிந்து நரம்பு முனைகளைச் சீண்டுகின்றன என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் முதன்மையான விளக்கம். அதனோடு, ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் செல்கள் சிலரது சிறுநீர்ப்பைச் சுவரில் மிகுந்து காணப்படுகின்றன. நாளடைவில் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைப் பெருக்கிக் கேட்கப் பழகிவிடுகின்றன. வலிக்குப் பயந்து இறுகிய இடுப்படித் தசைகள் தாமே புதிய வலிக்கு ஊற்றாகின்றன. இவற்றுள் எது ஒருவருக்கு முதன்மையானது என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால்தான், அண்டை வீட்டுப் பெண்ணின் வலியைத் தணித்த மருந்து நமக்குப் பயன்படாமல் போகிறது. குடல் எரிச்சல் நோய், உடலெங்கும் வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா, ஒற்றைத் தலைவலி, கருப்பை உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவை இதனோடு சேர்ந்து வருவதும் உண்டு. அவை இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நமக்கு வந்திருப்பது இதுதானா

அமெரிக்க யூராலஜி சங்கத்தின் நெறிப்படி, சிறுநீர்ப்பை சார்ந்ததாக உணரப்படும் வலி, அழுத்தம் அல்லது அசௌகரியம் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தேவை போன்ற தொந்தரவும் சேர்ந்து, கிருமித் தொற்றோ வேறு காரணமோ காணப்படாவிட்டால், இந்நோயைக் கருத வேண்டும். ஐரோப்பிய வரையறை ஆறு மாதம் வரை காத்திருக்கச் சொல்கிறது. என் கருத்தில் ஆறு வாரமே ஒரு பெண் அனுபவிப்பதற்கு அதிகம்.

நடைமுறையில் மூன்று வேறுபாடுகளைக் கவனித்தால் போதும். கிருமித் தொற்று பெரும்பாலும் ஓரிரு நாளில் திடீரெனத் தொடங்கும், சிறுநீர் வெளியேறும்போது எரியும், கல்ச்சரில் கிருமி வளரும், சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் முழுமையாக அடங்கும். ஐ.சி.யில் சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப அடிவயிற்றில், பூப்பெலும்புக்கு மேலே, வலி ஏறிக்கொண்டே போகும். கழித்தவுடன் பலருக்குச் சற்று விட்டுக்கொடுக்கும், ஆனால் அந்த நிம்மதி அரை மணி நேரம்கூட நிற்காமல் போகலாம். மூன்றாவதாக, மிகையாகச் செயல்படும் சிறுநீர்ப்பை (ஓவராக்டிவ் பிளாடர்) என்ற வேறொரு தொந்தரவு உள்ளவர் கழிப்பறைக்கு ஓடுவது ஆடையில் கசிந்துவிடுமோ என்ற அச்சத்தால், ஐ.சி. உள்ளவர் ஓடுவது வலி தாங்காமல். மருத்துவர் “ஏன் அடிக்கடி போகிறீர்கள்?” என்று கேட்டால், இந்தக் காரணத்தைத் தெளிவாகச் சொல்வது பாதி நோயறிதலுக்குச் சமம்.

வலி அடிவயிற்றோடு நிற்பதில்லை. சிறுநீர்த் தாரை, பிறப்புறுப்பு, கீழ்முதுகு, தொடையின் உட்புறம் என்று பரவலாம். தாம்பத்திய உறவின்போதோ மறுநாளோ வலி கூடும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்களே மிகுதி; வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

மூன்று நாள் குறிப்பேடு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். சமையலறைக்கு வாங்குவது போன்ற, மி.லி. கோடு போட்ட 500 மி.லி. பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்றைத் தனியாக வாங்கிக் கழிப்பறையில் வைத்துவிட வேண்டும். தொடர்ந்து மூன்று நாள்கள், இரவு உட்பட, ஒவ்வொரு முறையும் அதில் சிறுநீர் கழித்து, நேரம், அளவு, கழிப்பதற்கு முன் வலி பத்துக்கு எத்தனை, கழித்த பின் எத்தனை, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் குடித்தது, தின்றது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அலுவலகம் செல்லாத நாள்களாகத் தேர்ந்தெடுப்பது எளிது. மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பதைப் பக்கத்தின் மேலே எழுத வேண்டும்.

அக்காவின் குறிப்பேட்டில் முதல் நாள் காலை இப்படித் தொடங்குகிறது: “6.10 – 150 மி.லி., வலி 7, பிறகு 3. 6.40 – காபி. 7.05 – 70 மி.லி., வலி 6, பிறகு 4. 7.50 – 60 மி.லி., வலி 8, பிறகு 5.” இரவு நான்கு முறை எழுந்தது உட்பட அந்த 24 மணி நேரத்தில் மொத்தம் 19 முறை, சேர்த்துக் கூட்டினால் 1,420 மி.லி., சராசரியாக ஒரு தடவைக்குச் சுமார் 75 மி.லி. ஆரோக்கியமான சிறுநீர்ப்பை 400 முதல் 500 மி.லி. வரை தாங்கும் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கூட்டுத்தொகை முக்கியமானது. ஒரு நாளின் மொத்த அளவு 3 லிட்டரைத் தாண்டினால், அடிக்கடி போவதற்குக் காரணம் அளவுக்கு மீறிக் குடிப்பதாகவோ கட்டுப்பாடற்ற நீரிழிவாகவோ இருக்கக்கூடும். அந்த வழியில் பரிசோதிக்க வேண்டும். மொத்தம் இயல்பாக இருந்து, அது இருபது சிறு துண்டுகளாகச் சிதறியிருந்தால், சிக்கல் சிறுநீர்ப்பையின் தாங்குதிறனில் இருக்கிறது. “அடிக்கடி போகிறேன்” என்ற சொற்களால் ஆகாததை இந்த எண்கள் ஒரு நிமிடத்தில் மருத்துவருக்கு உணர்த்திவிடும்.

யாரிடம் போவது, என்னென்ன பரிசோதனை

சிறுநீரகத்தின் வேலைத்திறனைப் பார்க்கும் நெஃப்ராலஜிஸ்ட் வேறு, சிறுநீர்ப் பாதைக்கும் சிறுநீர்ப்பைக்கும் உரிய யூராலஜிஸ்ட் வேறு. தமிழில் இருவரையும் ‘கிட்னி டாக்டர்’ என்றே சொல்லிவிடுவதால் பலர் தவறான வரிசையில் அமர்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியவர் யூராலஜிஸ்ட். வலி கருப்பை, மாதவிடாய் ஆகியவற்றோடு பின்னிக் கிடந்தால் மகளிர் மருத்துவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் பரிசோதனை சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையும் கல்ச்சரும். கல்ச்சருக்கு மாதிரி கொடுக்கும் முறையை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரால் கழுவி, பிறப்புறுப்பின் உதடுகளை விலக்கிப் பிடித்து, முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டு, நடுவில் வருவதை மட்டும் ஆய்வகம் தந்த கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். ‘கலப்பு வளர்ச்சி’ என்று அறிக்கை வந்தால் பெரும்பாலும் மாதிரி எடுத்ததில் தோலிலுள்ள கிருமி கலந்திருக்கிறது என்று பொருள். அதைத் தொற்று என்று எடுத்துக்கொண்டு மருந்து தொடங்குவதைவிட, முறையாக மறுபடி ஒரு மாதிரி கொடுப்பது நல்லது.

நம் நாட்டில் ஒன்றை மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. சிறுநீரில் சீழ் செல்கள் தொடர்ந்து மிகுதியாக இருந்தும் வழக்கமான கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்றால், சிறுநீர்ப் பாதைக் காசநோயா என்று பார்க்க வேண்டும். வழக்கமான கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராது. அதற்கெனத் தனிப் பரிசோதனைகள் உள்ளன. காசநோயும் சிறுநீர்ப்பையைச் சுருக்கி இதே தொந்தரவுகளைத் தரும், ஆனால் அதற்கு வேறு சிகிச்சை உண்டு, காலம் கடந்தால் சிறுநீரகமே பாழாகும். “டாக்டர், டி.பி. பார்க்க வேண்டுமா?” என்று நாமாகவே கேட்பதில் தவறில்லை.

அடுத்து, சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு தங்குகிறது என்பதையும் கல் இருக்கிறதா என்பதையும் காண அல்ட்ராசவுண்டு, இரத்தச் சர்க்கரை, மகளிர் மருத்துவர் அல்லது யூராலஜிஸ்ட் செய்யும் இடுப்புப் பரிசோதனை. மெல்லிய குழாய்க் கேமராவைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. ஹன்னர் புண் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலும், சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலும், புகைப்பழக்கம் போன்ற புற்றுநோய் அபாயம் இருந்தாலும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. அதில் எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று வந்தால் “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று பொருளாகாது. ஹன்னர் புண் இல்லாத ஐ.சி. என்று பொருளாகலாம். சிறுநீர்ப்பைக்குள் பொட்டாசியம் கரைசலைச் செலுத்தி வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை இன்றைய நெறிகள் பரிந்துரைப்பதில்லை. அது வலியைத் தருமே தவிர முடிவை மாற்றுவதில்லை.

கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போவது, குளிருடன் காய்ச்சல், விலாப்புறக் கடும் வலி, சிறுநீர் அறவே வராமல் அடைபடுவது, தொடையிடுக்கில் மரத்துப்போதல், காலில் பலவீனம், காரணமின்றி எடை குறைதல் ஆகிய எதுவும் ஐ.சி.யின் இயல்பான போக்கு அல்ல. இவை நேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடுப்பங்கரையில் தொடங்கும் சிகிச்சை

நோயாளிகள் பலர் சில உணவுகளுக்குப் பின் வலி கூடுவதாகச் சொல்கிறார்கள். காபி, தேநீர், சோடா கலந்த குளிர்பானங்கள், மது, எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி, மிளகாய், வினிகர், செயற்கை இனிப்புகள் ஆகியவை அடிக்கடி குற்றம் சாட்டப்படுபவை. கிருமித் தொற்றுக்கு நல்லது என்று வாங்கிக் குடிக்கும் கிரான்பெர்ரிச் சாறு அமிலத்தன்மை உடையது, ஐ.சி. உள்ளவர்களுக்கு அது எரிகிற இடத்தில் எண்ணெய் வார்ப்பதுதான். உயர் அளவு வைட்டமின் சி மாத்திரையும் அப்படியே.

இந்தப் பட்டியல்கள் நம் சமையலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. புளியும் வற்றல் மிளகாயும் இல்லாத நாள் நம்மிடம் ஏது? குழம்பு, ரசம், ஊறுகாய், புளித்த மோர் என்று ஒரே வேளையில் நான்கு அமிலங்கள் இலையில் விழுகின்றன. உடம்புச் சூடு என்று சொல்லி எலுமிச்சைச் சாற்றை மீண்டும் மீண்டும் கொடுக்கும் வீடுகளும் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் இந்நோய்க்கு அது ஆகாமல் போகலாம்.

எல்லாவற்றையும் நிரந்தரமாக நிறுத்திவிட்டு வெறுஞ்சோறு தின்ன வேண்டியதில்லை. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேற்சொன்னவற்றை முழுவதுமாக விலக்கி, அந்தக் காலத்தில் சாதம், பாசிப்பருப்புக் கூட்டு, சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய், மிளகும் சீரகமும் மட்டாகச் சேர்த்த பொரியல், பேரிக்காய், பால், முட்டை, வேகவைத்த மீன் என்று உண்டு பார்க்க வேண்டும். வலி குறைந்திருந்தால், ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் திரும்பச் சேர்த்து, மூன்று நாள் பொறுத்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அக்காவுக்குத் தக்காளி ஒத்துக்கொண்டது, புளி ஒத்துக்கொள்ளவில்லை. காபி ஒரு வாய்கூட ஆகவில்லை, பால் மிகுந்த மெல்லிய தேநீர் மாலையில் ஒரு தம்ளர் ஆயிற்று. பருப்பு ரசத்தில் புளிக்குப் பதில் ஒரே ஒரு தக்காளி போட்டுச் சமைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. நான்கு வாரம் விலக்கியும் எந்த மாற்றமும் தெரியாதவர்கள், உணவு தங்களுக்குக் காரணமில்லை என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகப் பழையபடி உண்ணலாம். சத்துக் குறைய உண்டு உடலை வாட்டுவதில் பயனில்லை.

அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது பெரும் தவறு. சிறுநீர் அடர்த்தியாகும், அடர்த்தியான சிறுநீர் மேலும் சீண்டும். ஒரே மூச்சில் சொம்புத் தண்ணீரைக் குடிப்பதும் உதவாது. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருக்குமளவு, நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகுவதே முறை. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும், ஏனெனில் நிறைந்த குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையையும் தசைகளையும் அழுத்துகிறது.

வலி ஓரளவு கட்டுக்குள் வந்த பிறகு, கழிப்பறைக்குப் போகும் இடைவெளியைச் சிறுகச் சிறுக நீட்டிப் பழக வேண்டும். இப்போது 45 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால், ஒரு வாரத்துக்கு அதை 55 நிமிடமாக்கி, அது எளிதான பிறகு இன்னும் பத்து நிமிடம் கூட்டலாம். வலி கடுமையாக இருக்கும் நாள்களில் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கக் கூடாது.

இறுகிய தசைகளை அவிழ்ப்பது

சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைகள் இந்நோயாளிகள் பலரிடம் எப்போதும் இறுகியே இருக்கின்றன. பெண்களின் எந்தச் சிறுநீர்த் தொந்தரவுக்கும், இந்தத் தசைகளை இறுக்கிப் பழகும் கீகெல் பயிற்சி செய்யுங்கள் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். கசிவுக்கு அது நல்ல பயிற்சி. ஏற்கெனவே இறுகிப்போன தசையை மேலும் இறுக்குவதால் ஐ.சி.யில் அது வலியைக் கூட்டும். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் நெறி இதைத் தவிர்க்கச் சொல்கிறது. இங்கே தேவைப்படுவது தசையைத் தளர்த்தும் பயிற்சி.

இதற்கெனப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட், இறுகிய முடிச்சுகளை வெளிப்புறமாகவும் பிறப்புறுப்பின் வழியாகவும் கையால் அழுத்தித் தளர்த்துவார். 2012-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில், 81 பெண்களுள் இந்தச் சிகிச்சை பெற்ற பிரிவில் 59 சதவீதத்தினர் தெளிவான முன்னேற்றம் கண்டனர். உடல் முழுவதற்குமான பொது மசாஜ் பெற்ற பிரிவில் அது 26 சதவீதமாகவே இருந்தது. மருந்தில்லாத ஒரு சிகிச்சைக்கு இது மிக நல்ல பலன், ஆனால் நம் ஊர்களில் இதைப் பற்றிச் சொல்லக்கூட ஆள் குறைவு. மகளிருக்கான இடுப்படிப் பயிற்சி தெரிந்த பெண் பிசியோதெரபிஸ்ட் யாரும் உண்டா என்று யூராலஜிஸ்டிடமே கேட்கலாம். வீட்டில், மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்பருகே அகற்றி வைத்து, மூச்சை வயிற்றின் ஆழம் வரை இழுத்து விடும்போது அடிப்பகுதி தானாக இளகுவதைக் கவனித்துப் பழகலாம். காலையும் இரவும் ஐந்து நிமிடம் போதும்.

மருந்துகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்நோயை முற்றிலும் ஒழிக்கும் ஒற்றை மருந்து இல்லை. வலியைத் தாங்கும் அளவுக்குக் கீழே கொண்டுவந்து, இரவுத் தூக்கத்தையும் வேலையையும் மீட்பதே சிகிச்சையின் இலக்கு. அது பெரும்பாலும் இரண்டு மூன்று வழிகளைச் சேர்த்தே எட்டப்படுகிறது.

அமிட்ரிப்டிலின் முதலில் தொடங்கப்படும் மாத்திரைகளுள் ஒன்று. மனச்சோர்வுக்கான மாத்திரை என்று மருந்துக்கடையில் சொல்லக் கேட்டு, “எனக்குப் பைத்தியமா?” என்று அதைத் தூக்கி எறிந்த பெண்கள் இருக்கிறார்கள். இங்கே அது குறைந்த அளவில், வழக்கமாக இரவில் 10 மி.கி. என்று தொடங்கி, நரம்பின் வலிச் செய்தியைத் தணிக்கவே தரப்படுகிறது. தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல் வரலாம். கண் அழுத்தமோ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒவ்வாமை மருந்தான ஹைட்ராக்ஸிசின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் ஆகியவையும் சிலருக்குப் பயன்படுகின்றன.

பென்டோசான் பாலிசல்பேட் என்ற மருந்து, நைந்த படலத்தைச் சீராக்கும் நோக்கில் தரப்படுவது. எல்மிரான் என்ற பெயரில் 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். நீண்ட காலம் உட்கொண்ட சிலரின் விழித்திரையில் பாதிப்பு காணப்பட்டதை 2018-இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். 2020-இல் மருந்தின் அறிவிப்புத் தாளிலேயே எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. எனவே இம்மருந்தைத் தொடங்கும்போதே கண் மருத்துவரிடம் விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டு, தொடரும் காலத்திலும் இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதோ வாசிப்பதோ கடினமானால் உடனே சொல்ல வேண்டும்.

வாய்வழி மருந்து போதாதபோது, மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் நேரடியாக மருந்து செலுத்தப்படுகிறது. டி.எம்.எஸ்.ஓ., ஹெப்பாரின், லிடோகெய்ன் ஆகியவை இவ்வாறு பயன்படுகின்றன. டி.எம்.எஸ்.ஓ. செலுத்திய பின் ஓரிரு நாள் மூச்சிலும் வியர்வையிலும் பூண்டு வாடை வரும். முன்கூட்டியே தெரிந்தால் பயமில்லை. ஹன்னர் புண் உள்ளவர்களுக்கு அந்த இடத்தை மயக்க நிலையில் சுட்டு மூடுவதோ, ஸ்டீராய்டு ஊசி போடுவதோ நல்ல நிவாரணம் தரும்; அதனால்தான் புண் இருக்கிறதா என்று கண்டறிவது அவ்வளவு முக்கியமாகிறது. சிறுநீர்ப்பைச் சுவரில் போடப்படும் போடாக்ஸ் ஊசிக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தற்காலிகமாகக் குழாய் பயன்படுத்த நேரிடும் என்பதைக் கேட்டு ஒப்புக்கொண்டே போட்டுக்கொள்ள வேண்டும்.

தொற்று நிரூபிக்கப்படாமல் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் தருவதையும், நீண்ட கால ஸ்டீராய்டு மாத்திரையையும் நெறிகள் வேண்டாம் என்கின்றன. கர்ப்பம் திட்டமிடுகிறவர்கள் எந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்பும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டாரும் கணவரும்

பேருந்துப் பயணத்துக்கு முன்பும், திருமண மண்டபத்திலும், கோயில் வரிசையிலும் இவர்கள் முதலில் தேடுவது கழிப்பறை எங்கே என்றுதான். அதைக் கேலி செய்யாமலிருப்பதே வீட்டார் செய்யக்கூடிய முதல் உதவி. தாம்பத்திய உறவில் வலி வரும் என்ற அச்சத்தைக் கணவரிடம் சொல்லிவிட வேண்டும். உறவுக்கு முன்பும் பின்பும் சிறுநீர் கழிப்பது, வலி தராத நிலையைத் தேர்வது, வறட்சி இருந்தால் மணமற்ற தண்ணீர்த் தன்மையுள்ள மசகைப் பயன்படுத்துவது ஆகியவை உதவும். வலி கூடியிருக்கும் நாளில் வேண்டாம் என்று சொல்வதைக் கணவர் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் அவரையும் ஒரு முறை அழைத்துச் சென்று உட்கார வைத்துக் கேட்கச் செய்தால், வீட்டில் நாம் பத்து முறை விளக்கியது அங்கே ஒரே முறையில் புரிந்துவிடும். எங்கள் அத்தானுக்கு அப்படித்தான் புரிந்தது.

வலி பொங்கும் நாள்களில்

இந்நோய் ஏறி இறங்கும் இயல்புடையது. மாதவிடாய்க்கு முந்தைய நாள்கள், நீண்ட பயணம், தூக்கமின்மை, மன உளைச்சல், இறுக்கமான உடை, விருந்துச் சாப்பாடு ஆகியவற்றுக்குப் பின் சில நாள் பொங்கும். அதற்கு முன்னேற்பாடு இருந்தால் பயம் பாதி குறையும். அக்கா அலமாரியில் ஒரு சிறு பையைத் தயாராக வைத்திருக்கிறார்: வெந்நீர்ப் பை, தளர்ந்த பருத்தி ஆடை, வலி பொங்கும் நாளுக்கென மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை, அளவுக் குவளை, ஆய்வகம் தந்த கிருமி நீக்கிய குப்பி ஒன்று. அன்று உணவு விலக்குக் கால உணவுக்குத் திரும்பிவிடுவார். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுவார். அடிவயிற்றில் வெந்நீர்ப் பையை மெல்லிய துணி சுற்றி இருபது நிமிடம் வைப்பார். சிலருக்குச் சூட்டைவிடத் தொடையிடுக்கில் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம் இதமாக இருக்கும். இரண்டையும் முயன்று பார்த்து முடிவு செய்யலாம்.

அந்தக் குப்பி பையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐ.சி. உள்ளவர்களுக்கும் உண்மையான கிருமித் தொற்று வரத்தான் செய்யும். அக்காவின் பதினொன்றில் இரண்டு அப்படிப்பட்டவை. பொங்கும் வலிக்கும் தொற்றுக்கும் உள்ள வேறுபாட்டை உடம்பை மட்டும் வைத்துச் சொல்வது கடினம் என்பதால், ஆன்டிபயாட்டிக்கைத் தொடுவதற்கு முன் அவர் குப்பியை நிரப்பி ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அறிக்கைக்காகக் காத்திருக்கும் நாள்களில் வெந்நீர்ப் பையோடும் வலி மாத்திரையோடும் சமாளிக்கிறார். காய்ச்சலோ குளிரோ வந்தால் மட்டும் அறிக்கைக்குக் காத்திராமல் நேரே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவார்.